கானிகோபோலி என்ற பெயர் வந்த வழி

"'கிரேக்கர்' என்று அடி, சைல்டு. எழுத்துப் பிழை வந்துவிடப் போகிறது, கவனம்."

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு வால்டர் அங்கிள் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் என் தட்டச்சுப் பொறி. அதன் பக்கத்தில் மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் மூடியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக அங்கே வந்திருந்தேன். குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. படிவத்தை முடித்தால்தான் சோறு என்பது அங்கிளின் உத்தரவு.

அங்கிளின் மகள் ஆஸ்திரேலியாவில் குடியேற அனுமதி கேட்கும் படிவம் அது. பெயர், வயது, தொழில் எல்லாம் அடித்துவிட்டேன். 'தந்தை வழியில் ஐரோப்பிய மூதாதையர்' என்ற கட்டத்தில் வந்து நின்றிருந்தேன்.

"அங்கிள், இதற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நகல் வைக்க வேண்டும்."

"பெயரே அத்தாட்சி இல்லையா? கானிகோபோலி! இதைக் கேட்டாலே எந்த நாட்டுப் பெயர் என்று தெரியாதா?"

"எனக்குத் தெரிகிறது. அவர்களுக்குக் காகிதம் வேண்டும்."

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'டைப்பிஸ்ட் வேலையில் சொல்வதற்கு அப்படி என்ன இருக்கிறது?' என்று கேட்டிருந்தார். அந்தக் கட்டத்தில் நான் உடனே 'கிரேக்கர்' என்று அடித்துக் கொடுத்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. கையை எடுத்தேன், அதனால் இந்த அத்தியாயம்.

எதிர் வீட்டுக் கிரேக்கர்கள்

ராயபுரத்தில் எங்கள் சந்தில் பாதி வீடுகள் துறைமுகத்தையும் மீதி ரயிலையும் நம்பி இருந்தன. என் அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். எதிர் வீட்டு வால்டர் அங்கிள் ரயில் இன்ஜின் டிரைவர். அத்திப்பட்டு தாண்டி கூடூர் வரைக்கும் சரக்கு வண்டி கொண்டுபோய் வருவார். மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் டோரின்.

டோரினும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவள் நர்சுக்குப் படித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நான் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்டு கம்பெனியில் ஸ்டெனோ ஆனேன். மணலியில் எண்ணெய் ஆலைக்காக நிலத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்த காலம். துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்றும் நாட்களில் எங்கள் கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் செம்பழுப்பாகிவிடும். டோரின் தன் நர்சு உடுப்பை வீட்டுக்குள்ளேயே காய வைப்பாள்.

அந்தச் சந்தில் அந்தோணிகளும் ஆரோக்கியசாமிகளும் நிறைய. கானிகோபோலி ஒரே ஒரு குடும்பம். அந்தப் பெயருக்கு ஒரு கதை இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கிள் அதைச் சொல்வார்.

ஒரு கிரேக்க மாலுமி. அவன் வந்த கப்பல் புயலில் உடைந்தது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் கரை ஒதுங்கினான். மீன்காரர்கள் அவனுக்குச் சுடச்சுட மீன் ரசம் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அவன்தான் அங்கிளின் கொள்ளுத்தாத்தா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் மிதந்தது ஒரு நாள். நான் வேலைக்குப் போவதற்குள் அது நான்கு நாளாகிவிட்டது.

அங்கிள் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார். தமிழ் தெரியாதா என்றால் நன்றாகத் தெரியும். இன்ஜினில் கரி அள்ளிப்போடும் பையர்மேனுக்கென்று அதை ஒதுக்கி வைத்திருந்தார். நிறத்தைச் சொன்னால், அவரும் என் அப்பாவும் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி என்பார்கள். "முப்பது வருஷக் கரிப் புகை" என்று அதற்கும் காரணம் வைத்திருந்தார். டோரினின் அம்மா வழியில் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் நிச்சயமாக இருந்தார். படம் கூட இருந்தது. ஆனால் படிவம் முதலில் கேட்டது தந்தை வழியை.

அந்த வருடங்களில் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. இந்த வாரம் ஒரு வீட்டில் பியானோவை விற்பார்கள், அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் நாயை யாருக்காவது கொடுப்பார்கள். டோரினோடு படித்த இரண்டு நர்சுகள் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருக்கிறது, உடனே விண்ணப்பம் போடு என்று கடிதத்துக்கு மேல் கடிதம். டோரினுக்கு அந்த ஆசை நெஞ்சு முழுக்க இருந்தது. அவளுக்காகத்தான் வேலை ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த அங்கிளும் கிளம்பத் தயாரானார்.

சவரிமுத்து என்ற கிரேக்கன்

எங்கள் கோயிலில் அப்போது உதவிக் குருவாக ஓர் இளம் சாமியார் வந்திருந்தார். பொறுமைசாலி. சனிக்கிழமை மதியம் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் பழைய பதிவேடுகளை எடுத்துப் போட்டுவிட்டு, "நீங்களே பாருங்கள், தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்முங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போனேன். அங்கிளின் திருமணம். அவருடைய அப்பாவின் ஞானஸ்நானம். தாத்தா ஜோசப் கானிகோபோலியின் திருமணம். இது வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. அடுத்தது அந்த ஜோசப்பின் ஞானஸ்நானம். பூச்சி அரித்த பக்கம், பழுப்பு மை. லத்தீனும் ஆங்கிலமும் கலந்து யாரோ பொடிப் பொடியாக எழுதியிருந்தார்கள்.

குழந்தை ஜோசப். தாய் அருளாயி. தகப்பன் சவரிமுத்து, கானிகோபோலி.

சவரிமுத்துவா?

நம்பிக்கையை நான் உடனே விட்டுவிடவில்லை. மாலுமியின் பெயர் சேவியராக இருந்திருக்கலாம். அருளாயியைக் கட்டிக்கொண்டபோது ஊர்க்காரர்கள் அதைச் சவரிமுத்து என்று மாற்றியிருக்கலாம். நகலை எழுதிக்கொண்டேன். 'சவரிமுத்து'வுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன். ஸ்டெனோ வேலையில் காற்புள்ளியை விட்டால் திட்டு விழும், அந்தப் பழக்கம். அது எவ்வளவு பெரிய புள்ளி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ரெக்கார்டு அறையில்

எங்கள் கம்பெனி பழைய கம்பெனி. வெள்ளைக்காரர் காலத்துக் காகிதங்களை யாருக்கும் தூக்கிப்போட மனம் வராமல் ஓர் அறை நிறைய அடைத்து வைத்திருந்தார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு முனுசாமி. காசிமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் நிறைய வெற்றிலையும் கேலியுமாக இருப்பார்.

அந்த வாரம் ஒரு பழைய ஒப்பந்தத்தைத் தேடச் சொல்லி என்னை அங்கே அனுப்பினார்கள். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பட்டியல். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் இங்கே கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிப் படகுகள் போய்ச் சரக்கையும் ஆட்களையும் இறக்கி வரும். அந்தப் படகுகளுக்கு யார் யார் வேலைக்கு இருந்தார்கள் என்ற பட்டியல் அது.

படகுக்காரர்கள் இத்தனை பேர். அவர்களுக்கு மேலே படகுத் தலைவர்களான தண்டல்கள். தண்டல்களுக்கு மேலே, நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கானிகோபோலிகள், நான்கு பேர்.

பன்மையில் இருந்தது. முதல் எழுத்தும் சின்ன எழுத்து. ஆங்கிலத்தில் ஆள் பெயரென்றால் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் ஒரே சமயத்தில் நான்கு கிரேக்கர்கள் படகு வேலை பார்த்தார்களா?

"முனுசாமி, கானிகோபோலின்னா என்ன தெரியுமா?"

"இன்னாது?"

"கானிகோபோலி. தண்டலுக்கு மேலே இருக்கு."

"இன்னொரு தபா சொல்லும்மா."

சொன்னேன்.

"நிறுத்தி நிறுத்தி சொல்லாத. வெள்ளக்காரன் வாயில வெத்தல போட்டுகினு சொன்னா எப்டி இருக்கும், அப்டி சொல்லு."

வேகமாகச் சொன்னேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவை என் காதிலேயே விழுந்துவிட்டது. முனுசாமி மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"கணக்கப்புள்ளம்மா அது! எங்க தாத்தா படகு தள்ளினவரு. ஒவ்வொரு படகுக்கும் கரையில ஒரு கணக்கப்புள்ள நிப்பாராம். எத்தினி மூட்ட எறங்கிச்சி, எத்தினி தண்ணில பூட்ச்சி, எல்லாம் அவருதான் எய்துவாரு. அவரு சொல்றதுதான் சட்டம். அத்தப் போயி இந்த வெள்ளக்காரன் இன்னாமா எய்தி வச்சிகீறான் பாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் கரையிலிருந்து போன சொற்கள்

சரிபார்க்காமல் விடக் கூடாது என்று அடுத்த விடுமுறை நாளில் எழும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய நூலகத்துக்குப் போனேன். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கென்றே ஒரு தடித்த பழைய அகராதி இருந்தது. தூக்கி மேசையில் வைக்க இரண்டு கையும் வேண்டும்.

இருந்தது. கானிகோபோலி. தமிழ்ச் சொல். சென்னையில் கணக்கெழுதுபவர், முக்கியமாகக் கப்பல் சரக்கு எழுதுபவர்.

வந்த வேலை அதோடு முடிந்தது. ஆனால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மனமில்லை. நம் மீனவர்கள் கட்டிப் போகும் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகிக் கிடந்தது. சுருட்டு 'ஷெரூட்' ஆகியிருந்தது. எங்கள் கம்பெனிக்கு வரும் கப்பல் கேப்டன்கள் ஓட்டலில் கேட்கும் 'மல்லிகட்டானி' சூப் என்ன என்று பார்த்தால், அது நம் மிளகுத்தண்ணீர். அணைக்கட்டு இருந்தது, வண்டி இருந்தது, கம்பளி இருந்தது. எல்லாம் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தன.

ஆங்கிலம் என்றால் அங்கிருந்து இங்கே வருவது, நாம் கை நீட்டி வாங்கிக்கொள்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கிருந்தும் போயிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த நாள் ஆபீசில் சுருக்கெழுத்து எடுக்கும்போது என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. இன்று வரை அது குனியவில்லை.

எனக்கு விளங்கியது இதுதான். சவரிமுத்து, படகுக் கணக்கப்பிள்ளை. பழைய குரு ஒருவர் பெயரை எழுதி, காற்புள்ளி வைத்து, தொழிலையும் எழுதினார். மகன் ஜோசப்பின் திருமணத்தை எழுதிய இன்னொரு குரு காற்புள்ளியைக் கவனிக்கவில்லை. தகப்பனின் தொழில் மகனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஜோசப்பின் மகன் ரயிலில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்றாம் தலைமுறைக்கு அந்தப் பெயரின் அர்த்தம் மறந்துபோயிற்று. மறந்த இடத்தில் கிரேக்க மாலுமி மிதந்து வந்து ஏறிக்கொண்டான்.

டோரினிடம் சொன்னேன்

டோரினிடம்தான் முதலில் சொன்னேன். கடலோரத்தில் கொட்டியிருந்த பாறைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். அவள் பணி முடிந்து நர்சு உடுப்போடு வந்திருந்தாள். வறுத்த கடலைப் பொட்டலம் அவள் கையில்.

"சவரிமுத்துவா? எங்க டாடியோட கொள்ளுத்தாத்தா பேரு சவரிமுத்துவா?"

அவள் சிரித்த சிரிப்பில் கடலை பாறையில் சிதறியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பிலோ, எனக்கு அந்த வேலை வேணும். நான் நல்லா வேலை செய்வேன்னு உனக்குத் தெரியும். காயத்துக்குக் கட்டுப் போட எதுக்கு ஒரு கிரேக்கன்?"

சிதறிய கடலையை நான் பொறுக்கினேன்.

"இதை யார்கிட்டயும் சொல்லாம இருந்தா?" என்று அவளே கேட்டாள்.

"படிவத்தோட பதிவேட்டு நகல் போகணும். நகல்ல சவரிமுத்து இருக்கார். அங்க படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா போதும். பொய்ன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. நீ எல்லாத்தையும் விட்டுட்டுப் போன பிறகு அனுப்பினா என்ன பண்ணுவே?"

சரக்கு இறக்கும் கப்பல் ஒன்று ஊதியது.

"திருப்பி அனுப்பாட்டாலும்," என்றாள், "அங்க போயி தினமும் அந்தப் பொய்யச் சொல்லிகிட்டே இருக்கணும். கல்யாணம் ஆனா புருஷன் கிட்ட, குழந்தைங்க கிட்ட. வேணாம். டாடி கிட்ட நீதான் சொல்லணும். என்னால முடியாது."

மறுபடியும் அந்த மேசை

அடுத்த ஞாயிறு. அதே மேசை, அதே தட்டச்சுப் பொறி, அதே கட்டம் காலியாக. அன்றைக்கும் குழம்பு இருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. நகலை வைத்தேன், பட்டியலில் இருந்ததைச் சொன்னேன், அகராதியில் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தேன். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. சரியான விஷயத்தைச் சரியான வரிசையில் சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிய வயது.

அங்கிள் கடைசி வரை ஆடாமல் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "அகராதி எழுதியவனுக்கு என் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும்? 'கிரேக்கர்' என்று அடி."

"நான் அடிக்கமாட்டேன், அங்கிள்."

"என் வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு எனக்கே மாட்டேன் என்கிறாயா?"

"கீழே கையெழுத்துப் போடப் போவது டோரின். நாளைக்கு மாட்டிக்கொள்ளப் போவதும் அவள்தான்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த வீட்டுக்குள் நான் அதுவரை கேட்டிராத குரலில், இன்ஜின் மேல் நின்று பையர்மேனைக் கூப்பிடும் குரலில், தமிழ் வந்தது.

"இன்னாம்மே சொல்ற நீ? இத்தினி வருஷமா எல்லார் கிட்டயும் சொல்லிகினு வந்தேன். ரயில்வேல சொன்னேன். கிளப்புல சொன்னேன். செத்துப்போனாளே, அவ அப்பன் வூட்டுல போயி பொண்ணு கேக்கறப்போ இத்தச் சொல்லித்தான் கேட்டேன். இப்போ வந்து நீ கணக்கப்புள்ளன்ற! நீ வாய மூடிகினு இருந்தா உனக்கு இன்னா பேஜாரு?"

டோரின் வாசலில் நின்றிருந்தாள். "டாடி" என்றாள்.

"நீ சும்மா இரு!"

"நான் சும்மா இருக்கமாட்டேன். அவ எனக்காகத்தான் சொல்றா."

அங்கிள் என்னைப் பார்த்துக் கதவைக் காட்டினார். தட்டச்சுப் பொறியை எடுத்துக்கொண்டு நான் சந்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தேன். பத்தடி தூரம்தான். அன்று அது முடியவே இல்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். சொன்னதற்காக அழவில்லை. மனைவியைப் பெண் கேட்டபோது சொன்ன கதை என்றாரே, அதற்காக அழுதேன். அந்த மாலுமி வெறும் கிறிஸ்துமஸ் வேடிக்கை என்று நினைத்திருந்தேன். அவர் வாழ்க்கையின் முக்கியமான ஒரு கதவை அவன்தான் திறந்துவிட்டிருக்கிறான். அது எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் மெதுவாகச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்திருக்கமாட்டேன்.

பதில் வந்தது

படிவத்தை டோரின் கையாலேயே நிரப்பினாள். அந்தக் கட்டத்தில், 'தந்தையின் கொள்ளுத்தாத்தா சவரிமுத்து, சென்னையில் படகுக் கணக்கப்பிள்ளை, தமிழர்' என்று எழுதினாள். தாய் வழித் தாத்தாவைப் பற்றியும் இருந்ததை இருந்தபடி எழுதினாள். அப்பாவிடம் படிக்கக் கொடுத்தாள். அவர் இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டு, தபால் நிலையத்துக்கு அவரே கொண்டுபோனார். அவள் கேட்காமலே செய்தார். இதை டோரின் எனக்குப் பிறகு சொன்னாள்.

சில மாதங்களில் பதில் வந்தது. மரியாதையான, சுருக்கமான ஆங்கிலம். அப்போதைய விதிகளின்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.

அன்று சாயங்காலம் அங்கிள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டி, "பாத்துக்கோ" என்றார், தமிழில். நான் படித்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே சந்து. அவர் பணிக்குப் போக இறங்கும் நேரத்தில் நான் பூக்காரியைப் பார்ப்பது போல நிற்பேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டிப் போவார்.

டோரின் என்னை விடவில்லை. "நீ அப்போ மெல்லமா சொல்லியிருக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பெரிய வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள், மேல் படிப்பும் படித்தாள். சில வருடங்களில் அந்த நாட்டின் விதிகள் மாறின. யாருடைய தாத்தா யார் என்ற கேள்வி போய், என்ன படித்திருக்கிறாய் என்ற கேள்வி வந்தது. டோரின் தன் நர்சுச் சான்றிதழைக் காட்டி மெல்போர்ன் நகரத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக ஓய்வு பெற்றாள். அவள் கொடுத்த எந்தக் காகிதத்திலும் பிறகு பயந்து மறைக்க வேண்டிய வரி ஒன்றுகூட இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கமாட்டேன்.

அவள் போவதற்கு முன்னால் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது.

என் நிச்சயதார்த்தம்

எனக்கு மாப்பிள்ளை முடிவானது. தூத்துக்குடிக் குடும்பம். ராயபுரத்தில் கயிறும் பாயும் மொத்த வியாபாரம் செய்தவர்கள். நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டுக் கூடத்தில். என் அப்பா நேரில் போய் அழைத்ததால் வால்டர் அங்கிள் வந்தார். சாம்பல் நிற சூட் போட்டிருந்தார். ஓய்வு பெற்றுச் சில மாதம் ஆகியிருந்தது. என் பக்கம் பார்க்காமல் கதவோரம் நின்றார்.

என் மாமனார் பெரிய உருவம், பெரிய குரல். நடுவில் இருந்த கைவைத்த நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தோம். சூட் போட்ட மனிதரைப் பார்த்ததும், "அய்யா யாரு? அறிமுகம் பண்ணுங்களேன்" என்றார்.

"எதிர் வீட்டு வால்டர். ரயில்வேயில் இன்ஜின் டிரைவராக இருந்தார்" என்றார் அப்பா.

"முழுப் பேரு?"

அப்பா திணறினார். அங்கிளே சொன்னார். "கானிகோபோலி. வால்டர் கானிகோபோலி."

"ஏ அப்பா! வெள்ளைக்காரப் பேரால்லா இருக்கு!"

கூடத்தில் எங்கள் சந்துக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். அங்கிள் இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"இல்லீங்க" என்றார் அவர், தமிழில். "கணக்கப்புள்ள. அத்த வெள்ளக்காரன் தப்பா எய்திட்டான்."

என் மாமனார் எழுந்து நின்றுவிட்டார்.

"கணக்கப்பிள்ளை வீடா நீங்க? இத முதல்லயே சொல்லக் கூடாதா? எங்க ஊர்ப் பக்கம் கணக்கப்பிள்ளைன்னா கோயிலே அவங்க கையிலதான். சாமியார் வர முடியாத காலத்துல பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அவங்கதான். நீங்க நிக்க, நான் உட்கார்ந்திருக்கதா? வாங்க, இதுல இருங்க."

"ஐயோ, நாங்க கோயிலு இல்லீங்க" என்று அங்கிள் பதறினார். "படகுக் கணக்கப்புள்ள. கடல்ல."

"படகுன்னா என்ன? இருங்க அய்யா."

மாமனார் அவர் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கிள் கால்சட்டை மடிப்பைச் சரிசெய்தார். டையைத் தொட்டுப் பார்த்தார். காப்பித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்த டோரின் அப்படியே நின்றாள்.

கூடம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க கொள்ளுத்தாத்தா பேரு சவரிமுத்து" என்று ஆரம்பித்தார். "அப்போல்லாம் இங்க ஹார்பரு கெடையாது. அல பன மரம் ஒசரத்துக்கு வரும். ஒரு நாளு புயலு. வெளில கப்பலு நிக்குது, எந்தப் படகும் போக மாட்டேன்னுது. எங்க தாத்தா கணக்கு நோட்டத் தலையில கட்டிகினு, நான் வர்ரேன், தள்ளுங்கடான்னாரு..."